எழுதியதும் நிலைத்ததும்

எழுதுதல் என்பது பண்டு ஐயத்துக்கு இடமில்லாத வினையாக இருந்தது. எழுத்தாணி ஓலையின்மேற் சென்ற அக்கணமே எழுத்துப் பிறந்தது. பிறந்த எழுத்தைக் கறையானும் நெருப்பும் அழிக்கலாம். ஆயினும் அஃது எழுதப்பட்டதா இல்லையா என்னும் வினா எழுந்ததில்லை. கணினி வந்தபின்னரோ, எழுதுதல் வேறு, எழுதியது நிலைத்தல் வேறு என்றாயிற்று. இவ்விரண்டுக்கும் இடையே சில நொடிகள் உள்ளன. அச்சில நொடிகளுள் நிகழக்கூடியன யாவை என்பதையும், அவற்றை அறிஞர் எங்ஙனம் ஆராய்ந்தனர் என்பதையும், கணினி நூல் பயிலாதார்க்கும் விளங்குமாறு ஒருவாறு கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மாணாக்கரின் வினா

சில ஆண்டுகட்கு முன் எம்மிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர், தாம் தங்கியிருந்த விடுதியின் உணவுக் கணக்கைக் கணினியில் வைத்துவருதற்பொருட்டுச் சிறு நிரல் ஒன்று இயற்றினார். ஒவ்வோரிரவும் அந்நிரல் அன்றைய வரவு செலவைச் சேர்த்து முழுக் கணக்கையும் புதியதொரு கோப்பில் எழுதும்; எழுதி முடித்தபின், முதல்நாட் கோப்பை அழித்துவிடும். மூன்று வாரம் யாதொரு குறையுமின்றி இது நடந்துவந்தது. பின்னொருநாள் இரவு, ‘கணக்குப் பதிவாயிற்று’ என்னும் சொற்கள் திரையில் தோன்றிய சிறிது நேரத்துக்கெல்லாம் மின்சாரம் நின்றது. அது மீண்டும் வந்தபோது, புதிய கோப்பின் பெயர் இருந்தது. உள்ளே ஓரெழுத்தும் இல்லை. பழைய கோப்போ முற்றும் அழிந்திருந்தது.

மறுநாட் காலையில் அம்மாணாக்கர் எம்மிடம் வந்து, “ஐயா, நான் முதலில் எழுதினேன், பிறகுதான் அழித்தேன். முதலிற் செய்தது நிலைக்கவில்லை, பிறகு செய்தது மட்டும் எப்படி நிலைத்தது?” என்று வினவினார். தம் நட்டத்தைக் குறித்துப் புலம்பாமல் இவ்வினாவைக் கேட்டது அவர்தம் கூர்மையைக் காட்டிற்று. இயங்குதளம், சேமிப்பகம் ஆகிய இரு துறைகளில் உழைக்கும் அறிஞர் பலர் பல்லாண்டாக ஆராய்ந்துவரும் வினாவும் இதுவேயாம்.

இருவகை நினைவு

கணினியின் நினைவு இருவகைப்படும். ஒன்று விரைவுடையது, ஆனால் மின்சாரம் நின்ற அக்கணமே யாவற்றையும் மறந்துவிடுவது. மற்றொன்று தட்டு எனப்படுவது. மெதுவானது, ஆயினும் மறவாதது. ஐ. பி. எம். நிறுவனத்தார் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட ரேமாக் என்னும் பொறியோடு இத்தட்டுச் சேமிப்பு வணிக உலகிற் புகுந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை ஓரச்சிற் கோத்து அமைத்த அச்சேமிப்பகம் 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கிற்று. இன்று கையிலடங்கும் கருவி அதனினும் பல்லாயிரம் மடங்கு தாங்குகின்றது.

கொள்ளளவு இங்ஙனம் பெருகினும் காலத்தாழ்வு அவ்வளவாகக் குறையவில்லை. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அஃது ஒருமுறை சுற்றிவர ஒரு நொடியின் ஆயிரத்தில் எட்டுப் பங்கிற்குச் சற்று மிகுதியான காலம் செல்லும். நொடிக்கு நூறு கோடிச் செயல்களை முடிக்கவல்ல செயலி, அச்சுற்று ஒன்றுக்குள் எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட செயல்களை முடித்துவிடும். ஒவ்வோரெழுத்தும் தட்டிற் பதியும்வரை செயலி காத்திருக்குமாயின், அதன் காலமெல்லாம் காத்திருப்பதிலேயே கழியும்.

இவ்விரண்டுக்கும் இடையே நின்று காரியங்களை ஒழுங்குபடுத்தும் காரியதரிசியே இயங்குதளம் ஆகும். நிரலானது ‘இதனை எழுதுக’ என்று பணித்தவுடன், இயங்குதளம் அதனை விரைவு நினைவில் வாங்கி வைத்துக்கொண்டு, ‘ஆயிற்று’ என்று விடைகூறி அனுப்பிவிடுகின்றது. பின்னர், பல பணிகளை ஒன்றுதிரட்டி, வசதியான வேளையில் தட்டுக்கு அனுப்புகின்றது. லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் இங்ஙனம் தங்கும் காலம் முப்பது நொடியளவும் நீளலாம். அதன்பின்னும், தட்டுக்கென உள்ளமைந்த சிறு நினைவொன்று உண்டு. தட்டும் தன் பங்கிற்கு அதில் வாங்கி வைத்துக்கொண்டு, தனக்கு எளிதான வரிசையிற் பதிகின்றது. ஆதலின், நிரல் பணித்த வரிசை ஒன்று. தட்டிற் பதிந்த வரிசை மற்றொன்று. மின்சாரம் நிற்காதவரை இவ்வேறுபாடு ஒருவர் கண்ணுக்கும் புலப்படாது.

குறிப்பேடும் பேரேடும்

நிற்க. அழித்தல் முந்தியும் எழுதுதல் பிந்தியும் நிலைத்தற்குக் காரணம் யாது? இதனை அறியக் கோப்பு முறைமையின் அமைப்பைச் சிறிது காண்டல் வேண்டும்.

கோப்பு ஒன்றிற்கு உள்ளடக்கம் ஒருபுறம். அதன் பெயர், அளவு, தட்டில் அஃது இருக்கும் இடம் ஆகிய குறிப்புகள் மறுபுறம். 1969-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயங்குதளமும் இவ்விரண்டையும் வேறாகவே வைத்தது. கோப்பில் ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்த்தற்குக் குறைந்தது மூன்றிடங்களை மாற்றுதல் வேண்டும்: உள்ளடக்கம், அக்கோப்பைப் பற்றிய குறிப்பு, தட்டில் வெற்றிடம் எவையென்று காட்டும் பட்டியல் என்பன அவை. மூன்றையும் ஒரே கணத்தில் மாற்றத் தட்டினால் இயலாது. ஒன்று மாறி ஏனைய இரண்டு மாறுமுன் மின்சாரம் நிற்குமாயின், கணக்கு ஒன்றோடொன்று முரணும்.

இம்முரணைப் போக்க முற்காலத்தார் கையாண்ட முறை, கணினி மீண்டும் எழுந்தவுடன் தட்டு முழுவதையும் தலைமுதல் கடைவரை ஒப்புநோக்கித் திருத்துதலாம். தட்டு சிறிதாயிருந்த நாளில் இது போதுமானதாயிற்று. தட்டுகள் பெரியனவாகப் பெரியனவாக, இச்சோதனை மணிக்கணக்கில் நீண்டது. ஒரு சொல் பிழைத்ததா என்றறிய நூல்நிலையம் முழுவதையும் படித்துப் பார்ப்பதை இஃதொத்தது.

மேலான வழியை நம் நாட்டு வணிகர் நெடுங்காலமாக அறிவர். கடையில் அன்றாட நிகழ்ச்சிகளை நிகழ்ந்த முறையே குறிப்பேட்டிற் பதிவர். பிறகு, ஓய்ந்த வேளையில், அவற்றைப் பேரேட்டில் உரிய கணக்குகளிற் பெயர்த்தெழுதுவர். பெயர்த்தெழுதும்போது விளக்கு அணைந்தாலும் கேடில்லை. குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தரவுத்தளங்களில் முன்னரே வழங்கிய இம்முறையைக் கோப்பு முறைமைக்குக் கொணர்ந்தோருள் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்து ராபர்ட் ஹாக்மன் ஒருவர். ஸீடர் என்னும் முறைமையைப் பற்றிய அவர்தம் கட்டுரை 1987-ஆம் ஆண்டில் வெளிவந்தது. லினக்ஸுக்கு இதனை அமைக்கும் வகையை ஸ்டீபன் ட்வீடி என்பார் 1998-இல் விளக்கினார். எக்ஸ்ட்-3 எனப்பட்ட அம்முறைமை 2001-இல் லினக்ஸில் இடம்பெற்றது.

ஆயினும் இக்குறிப்பேட்டில் ஒரு நுட்பம் உண்டு. உள்ளடக்கம் அனைத்தையும் குறிப்பேட்டில் ஒருமுறையும் உரிய இடத்தில் மற்றொரு முறையும் எழுதினால், வேலை இருமடங்காகும். ஆதலின், பெரும்பான்மையும் கோப்புகளைப் பற்றிய குறிப்புகளையே குறிப்பேட்டிற் பதிவர். எக்ஸ்ட்-3 முறைமை, அங்ஙனம் குறிப்பைப் பதியுமுன் உள்ளடக்கத்தைத் தட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கமுடையது. அதன்பின் வந்த எக்ஸ்ட்-4, உள்ளடக்கத்துக்குத் தட்டில் இடம் ஒதுக்குவதையே சிறிது காலம் ஒத்திப்போட்டது. இதனால் விரைவு மிகுந்தது. உடன் ஓர் இடரும் வந்தது. குறிப்புகள் ஐந்து நொடிக்கொருமுறை பதிய, உள்ளடக்கம் முப்பது நொடிவரை பின்தங்கலாயிற்று. 2009-ஆம் ஆண்டில், தம் கோப்புகள் வெறுமையாயின என்று பலர் முறையிட்டனர். அம்முறைமையை ஆக்கியவர்களுள் ஒருவரான தியடோர் ட்சோ, நிலைபெற வேண்டியதை நிலைபெறச் செய்க என்று நிரல் கேட்கவில்லை. கேளாததை முறைமை வாக்களிக்கவும் இல்லை என்று விளக்கினார். ஆயினும், பழைய கோப்பின் இடத்திற் புதியதை வைக்கும் வழக்கமான முறைகளுக்கு வேண்டிய காப்பையும் அவர் பின்னர்ச் சேர்த்தார். நம் மாணாக்கர் புதிய பெயரில் எழுதிப் பழையதை அழித்தமையால், அக்காப்பு அவர்க்கு உதவவில்லை.

இப்பொழுது வினாவுக்கு விடை கிடைத்தது. அழித்தல் என்பது குறிப்பை மாற்றும் சிறு செயல். அது குறிப்பேட்டில் விரைந்து பதிந்தது. எழுதுதல் உள்ளடக்கத்தைப் பற்றிய பெருஞ்செயல்; அது காத்திருந்தது. மின்சாரம் அவ்விரண்டுக்கும் இடையே நின்றது.

வரிசையும் நிலைபேறும்

இதற்குப் பரிகாரம் உண்டு. ‘நான் எழுதியதைத் தட்டிற் பதித்தபின்னரே எனக்கு விடைகூறுக’ என்று பணிக்கும் கட்டளை ஒன்று இயங்குதளத்தில் உள்ளது. அதனை எஃப்சிங்க் என்பர். எழுதுதலுக்கும் அழித்தலுக்கும் இடையே இவ்வொரு கட்டளை இருந்திருப்பின், விடுதிக் கணக்குப் பிழைத்திருக்கும். ஆயின் இக்கட்டளை விலைமிக்கது. தட்டு தன் உள்நினைவு முழுவதையும் கொட்டித் தீர்க்கும்வரை நிரல் காத்திருத்தல் வேண்டும். அதனாலேயே நிரலாசிரியர் பலர் இதனைத் தவிர்க்கின்றனர்; தவிர்த்து இடர்ப்படுகின்றனர்.

இங்கேதான் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்து மாடிசன் வளாகத்தில் ஆராய்ந்த விஜய் சிதம்பரம், தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை, ஆண்ட்ரியா அர்ப்பாச்சி-டுசோ, ரெம்சி அர்ப்பாச்சி-டுசோ ஆகிய நால்வரும் 2013-ஆம் ஆண்டில் ஒரு நுண்ணிய வேறுபாட்டைச் சுட்டினர். அக்கட்டளை இரு வேறு பணிகளை ஒன்றாகக் கட்டிவைத்துள்ளது என்பது அவர்தம் கருத்து. ஒன்று வரிசை: இது பதிந்த பின்னரே அது பதிய வேண்டும் என்பது. மற்றொன்று நிலைபேறு: இஃது இப்பொழுதே பதிய வேண்டும் என்பது.

நம் மாணாக்கரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்க்கு உண்மையில் வேண்டியது யாது? புதிய கணக்கு அக்கணமே நிலைபெற வேண்டும் என்பதன்று. புதியது நிலைபெறுமுன் பழையது அழியலாகாது என்பதேயாம். இரண்டு செயலும் நிகழாது போயிருந்தால், முதல்நாட் கணக்கு அப்படியே இருந்திருக்கும். இழப்பு ஒருநாட் கணக்கு மட்டுமே. வரிசை ஒன்று காக்கப்பட்டிருந்தால் மூன்று வாரம் பிழைத்திருக்கும். வரிசைக்காக மட்டும் நிலைபேற்றின் முழுவிலையையும் கொடுக்கவேண்டியதில்லை என்று கண்ட அவ்வறிஞர், பழைய கட்டளையை இரண்டாகப் பிரித்து, வரிசைக்கு ஓசிங்க் என்றும் நிலைபேற்றுக்கு டிசிங்க் என்றும் இரு கட்டளைகளை வகுத்தனர். ஆப்ட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையை அமைத்து, அதில் இதனை நடத்தியும் காட்டினர். இதற்குத் தட்டின் ஒத்துழைப்பும் வேண்டும். எவை உண்மையாகவே பதிந்தன என்பதைத் தட்டு பின்னர் அறிவித்தல் வேண்டும் என அவர் கேட்டனர்.

இரண்டாக இருந்தவற்றை ஒன்றெனக் கருதியதே விலைக்குக் காரணம் என்று காட்டிய இவ்வாய்வு எளியதாகவே தோன்றும். பிறர் காட்டியபின் எளிதாகத் தோன்றுவதே நல்லாய்வின் இயல்பு போலும்.

பெரியோர் நிரல்களும் பிழைத்தன

இத்தகைய தவறு மாணாக்கர் இயற்றும் நிரல்களில் மட்டும் நிகழ்வதென்று எண்ணற்க. மேற்கூறிய குழுவினர் பிறருடன் சேர்ந்து 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உலகெங்கும் வழங்கும் பதினொரு நிரல்களைச் சோதித்தனர். தரவுத்தளங்களான எஸ்க்யூலைட், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்பனவும், நிரலாசிரியர் தம் உழைப்பையெல்லாம் ஒப்படைத்து வைக்கும் கிட் என்பதும் அவற்றுள் அடங்கும். ஆலிஸ் என்னும் கருவி கொண்டு, ஒவ்வொரு நிரலும் இடையில் நின்றுபோனால் தட்டு எந்நிலைகளில் இருத்தல் கூடும் என்று கணித்து ஆராய்ந்ததில், 60 இடங்களில் வலுவின்மை வெளிப்பட்டது.

இவ்வறுபதில் பலவற்றுக்குக் காரணம் நிரலாசிரியரின் அறியாமை என்று கூறுதல் பொருந்தாது. ஒரு கோப்பு முறைமை காக்கும் வரிசையை மற்றொன்று காப்பதில்லை. எவ்வெவற்றைக் காக்கும் என்பது தெளிவாக எழுதி வைக்கப்படவும் இல்லை. தாம் பழகிய முறைமையின் நடையைக் கண்டு, அதுவே அதன் வாக்கு என நிரலாசிரியர் கொண்டனர். வழக்கம் வேறு, வாக்கு வேறு. நாடோறும் ஆறுமணிக்கு வரும் வண்டி ஆறுமணிக்கு வருவதாக நமக்கு உறுதிகூறியதன்று.

சிறிய சோதனையின் ஆற்றல்

வாக்கு இன்னதென்று எழுதப்பட்ட இடத்திலாவது அது காக்கப்படுகின்றதா? இவ்வினாவை டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்து ஆஸ்டின் வளாகத்தைச் சேர்ந்த ஜெயஸ்ரீ மோகன், ஆஷ்லி மார்ட்டினெஸ், சௌஜன்யா பொன்னபள்ளி, பாண்டியன் ராஜு, விஜய் சிதம்பரம் ஆகியோர் 2018-ஆம் ஆண்டில் எடுத்துக்கொண்டனர். அவர்கள் முதற்கண் செய்தது புதியதொன்றை ஆக்குதலன்று. பழைய பிழைகளைப் பயிலுதல். லினக்ஸ் கோப்பு முறைமைகளில் முந்திய ஐந்தாண்டுகளில் அறிவிக்கப்பட்ட 26 பிழைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். அவற்றுட் பெரும்பாலானவை, புதிதாக அமைத்த சிறு தட்டொன்றில், மூன்றோ அதனினும் குறைந்தோ ஆன செயல்களைக் கொண்டே வெளிப்படுத்தத்தக்கன என்று கண்டனர்.

இது கண்டபின் வழி தெளிவாயிற்று. கோப்பை ஆக்குதல், பெயர்மாற்றுதல், அழித்தல் முதலிய செயல்களை இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் இயைத்து, இயலும் கோவைகளை முறையே பிறப்பிக்க ஏஸ் என்னும் கருவியையும், அவற்றை நடத்தி, மின்சாரம் நின்றாற்போன்ற நிலையை உண்டாக்கி, எழுந்தபின் வாக்களித்தது உள்ளதா என்று ஒப்பிட க்ராஷ்மங்கி என்னும் கருவியையும் அமைத்தனர். 26 பழம்பிழைகளுள் 24 இவற்றில் மீண்டும் அகப்பட்டன. அன்றியும், முதிர்ந்தனவென மதிக்கப்பட்ட லினக்ஸ் கோப்பு முறைமைகளில் ஒருவரும் அறியாத பத்துப் புதிய பிழைகளும் வெளிப்பட்டன. அவற்றுள் ஏழு 2014-ஆம் ஆண்டு முதலே அங்கிருந்தவை. எஃப்சிங்க் கட்டளையால் நிலைபெற்றுவிட்டதெனப் பயனர்க்கு உறுதிகூறப்பட்ட கோப்பே காணாமற் போதலும் அவற்றின் விளைவுகளுள் ஒன்றாம்.

இன்னுமொன்று. கணித முறையால் பிழையற்றதென்று நிறுவப்பட்ட எஃப்எஸ்ஸிக்யூ என்னும் கோப்பு முறைமையிலும் ஒரு பிழை அகப்பட்டது. நிறுவிய பகுதியில் அன்று. அதனை வெளியுலகோடு இணைக்கும், நிறுவப்படாத பகுதியில். கோட்டையின் மதில் வலிதாயினும் வாயிலைக் காத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நாம் கொள்ளத்தக்கன

இவற்றால் நாம் அறிவன சில. முதலாவது, நிரல் இயற்றும் மாணாக்கர், ‘பதிவாயிற்று’ என்னும் சொல்லைத் திரையில் இடுமுன், தாம் எதனை அறிந்து அதனைக் கூறுகின்றோம் என்று தம்மைத் தாமே வினவுதல் வேண்டும். இயங்குதளம் வாங்கிக்கொண்டதா, தட்டிற் பதிந்ததா? பதிக்கும் கட்டளை ‘இயலவில்லை’ என்று விடைகூறின் அதனைக் கேட்டனரா? அறியாததை உறுதியாகக் கூறும் நிரல் பொய்யுரைக்கின்றது; அப்பொய் நிரலினுடையதன்று, இயற்றியவருடையது.

இரண்டாவது, நிரல் இயற்றாத ஏனையோர், இன்றியமையாத எழுத்தை ஒரே இடத்தில் வைத்தல் தகாது. படியொன்றைப் பிறிதோரிடத்தில் வைத்து, அது திறக்கின்றதா என்று இடையிடையே பார்த்தலும் வேண்டும். ஓலை மக்குமுன் படியெடுத்த முன்னோர் வழக்கம் இக்காலத்துக்கும் பொருந்துவதேயாம்.

மூன்றாவது, ஆராய்ச்சி என்பது பெரும்பொருளும் பெருங்கருவியும் உடையார்க்கே உரியதென்று நம் மாணாக்கர் தளர வேண்டுவதில்லை. 26 பழம்பிழைகளைப் பொறுமையுடன் பயின்றமையே புதிய பத்துக்கு வழிகாட்டிற்று. லினக்ஸின் மூலநிரல் யாவர்க்கும் திறந்து கிடக்கின்றது; நம் கல்லூரி ஆய்வுக்கூடத்துப் பழங்கணினியிலும் மூன்று செயல்களைக் கோத்துச் சோதித்தல் கூடும்.

அம்மாணாக்கர், சமையற்கூடத்தில் ஆணியிற் குத்தி வைத்திருந்த காகிதச் சீட்டுகளைக் கொண்டு, நான்கிரவு விழித்திருந்து, கணக்கை மீண்டும் எழுதினார். பின்னர்த் தம் நிரலில் எழுதுதற்கும் அழித்தற்கும் இடையே ஒரு வரியைச் சேர்த்தார். அதன்பின் அந்நிரல் சற்றே தாமதித்துத்தான் ‘கணக்குப் பதிவாயிற்று’ என்று கூறும். ஆனால் அது கூறியபோது கணக்கு உண்மையாகவே பதிந்திருந்தது.